வரவேற்கும் பள்ளி பற்றித் தமிழில் ஓர் ஆய்விதழ்: சேலத்திலிருந்து தொடங்கலாமா?

மூக்கனேரி | ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். சேலத்தில் ஒரு கல்வியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். பி.எட். பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பு எடுப்பது என் வேலையில் பாதி. இத்தனை வருடம் அங்கிருந்து பார்த்ததில் ஒன்று மனதில் ஆழப் பதிந்துவிட்டது. ஒரு குழந்தை அந்தப் பள்ளியோடு ஒட்டுமா ஒட்டாதா என்பது பாடம் தொடங்கும் முன்பே பாதி முடிவாகிவிடுகிறது. கேட்டில் என்ன சொல்லி உள்ளே விட்டார்கள், பதிவேட்டில் பெயரை எந்தக் குரலில் கூப்பிட்டார்கள், உதவித்தொகைப் படிவம் கொடுக்கும்போது "எஸ்.டி. பிள்ளைங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று வகுப்பு முன்னால் சொன்னார்களா, தனியே அழைத்துக் கொடுத்தார்களா. அதிலேயே முடிந்துவிடுகிறது.

இதற்கென்று ஒரு கோட்பாடு உண்டு, ஆங்கிலத்தில் 'இன்விடேஷனல் எஜுகேஷன்' என்பார்கள். அமெரிக்காவில் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் கிரீன்ஸ்பரோ வளாகத்தில் பேராசிரியராக இருந்த வில்லியம் பர்க்கி தொடங்கிவைத்தது. 1978இல் புத்தகமாக எழுதினார். பெட்டி சீகலோடு சேர்ந்து 1982இல் அதற்கென ஒரு பன்னாட்டுக் கூட்டமைப்பை ஏற்படுத்தினார். கனடாவில் ப்ராக் பல்கலைக்கழகத்து ஜான் நோவக்கும் சேர்ந்து வளர்த்த சிந்தனை இது. பள்ளியில் ஐந்து விஷயங்கள் குழந்தையை வா என்கின்றன, அல்லது போ என்கின்றன: மனிதர்கள், இடம், விதிகள், திட்டங்கள், அன்றாட நடைமுறை. நட்சத்திர மீன் தன் ஐந்து கைகளாலும் விடாமல், மெதுவாக இழுத்துச் சிப்பியைத் திறப்பதை பர்க்கி இதற்கு உவமையாகச் சொன்னார். நான் வகுப்பில் நம்ம சேலத்து ஐந்து ரோடு சந்திப்பைச் சொல்வேன். நான்கு சாலையை அகலப்படுத்திவிட்டு ஐந்தாவதை அப்படியே விட்டால் நெரிசல் நெரிசல்தான்.

அவர் சொன்னதில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது வேறொன்று. தெரிந்தே விரட்டுவது, தெரியாமல் விரட்டுவது, தெரியாமல் வரவேற்பது, தெரிந்தே வரவேற்பது என்று நான்கு நிலைகள். நான் பார்த்த ஆசிரியர்களில் தெரிந்தே விரட்டுபவர்கள் மிகக் குறைவு. தெரியாமல் விரட்டுபவர்கள்தான் நிறைய. நானும் அதில் இருந்திருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1978இல் புத்தகம் வந்தது; அதற்கென்று தனி ஆய்விதழ் 1992இல்தான் வந்தது. பதினான்கு வருடம். நடுவில் நல்ல அனுபவங்கள் எத்தனையோ இருந்திருக்கும். நம்மிடமும் இருக்கின்றன. ஆனால் ஒரு டீச்சருக்கு மாறுதல் வந்தால் அவர் கண்டுபிடித்ததும் அவரோடு பஸ் ஏறிப் போய்விடுகிறது. பேச்சாகவும் பாராட்டாகவும் இருப்பது எழுத்தாகி, இன்னொருவர் கேள்வி கேட்டு, சரிபார்த்து, அடுத்தவர் அதன்மேல் கட்டும்படி நிற்க வேண்டும். அதற்குத் தமிழில் ஓர் ஆய்விதழ் வேண்டும். ஆண்டுக்கு இரண்டு இதழ். எழுதுபவரிடமும் படிப்பவரிடமும் காசு வாங்கக் கூடாது. மதிப்பீட்டாளர் பார்க்காமல் ஒரு கட்டுரையும் போகக் கூடாது. சேலத்தில் ஏன் என்றால், தறி, கொலுசுப் பட்டறை, இரும்பாலை, ஜவ்வரிசி ஆலை, மலை எல்லாம் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. இந்த எல்லா வீட்டுப் பிள்ளைகளும் நம் பள்ளிகளுக்கு வருகிறார்கள்.

சாத்தியமா? யார் சேர்ந்துகொள்வீர்கள்? இதழுக்குப் பெயர்கூட இன்னும் இல்லை.

எட்டு ஆ பிரிவு | ஞாயிறு, இரவு 10.32

சார், நான் அரசுப் பள்ளி ஆசிரியர், இருபத்திரண்டு வருடம். உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் மூன்று விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

ஆய்விதழ் என்றாலே எங்களுக்கு ஒரு கசப்பு இருக்கிறது. என் நண்பர் ஒருவர் பணம் கட்டினார், நான்காம் நாள் கட்டுரை வெளிவந்துவிட்டது. யாரும் ஒரு வரிகூடப் படித்துப் பார்க்கவில்லை என்பது அவருக்கே தெரியும். பதவி உயர்வுப் புள்ளிக்காகச் செய்தார். அப்படி இன்னொன்று நமக்கு வேண்டாம்.

இரண்டாவது, "இன்முகம் காட்டுங்கள்" என்று எங்களுக்குப் பாடம் நடத்தும் இதழாக இருந்தால் நான் முதல் பக்கத்தோடு மூடிவைத்துவிடுவேன். காலையில் நான்கு செயலியில் பதிவேற்றிவிட்டுத்தான் நாங்கள் வகுப்புக்குள் போகிறோம். ஆசிரியரை யார் வரவேற்கிறார்கள்? அதையும் எழுதுவீர்களா?

மூன்றாவது இன்னும் முக்கியம். சுவரில் வண்ணம் அடித்து, வாசலில் நல்வரவு எழுதி, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லாத பள்ளியை நான் பார்த்திருக்கிறேன். எட்டாம் வகுப்புப் பெண் குழந்தைக்கு அந்தத் தாழ்ப்பாள்தான் வரவேற்பு. நீங்கள் சொன்ன ஐந்தில் 'இடம்' என்று ஒன்று வருகிறதே, அதை முதல் இதழிலேயே எடுப்பீர்கள் என்றால் நான் கூட இருக்கிறேன்.

மூக்கனேரி | ஞாயிறு, இரவு 11.05

மூன்றுமே சரி. தாழ்ப்பாளைப் பற்றி நீங்களே எழுதுங்கள் என்று கேட்கிறேன். கோட்பாட்டின்படியும் அது உள்ளே வருகிறது. மனிதர் மட்டும் புன்னகைத்து இடம் விரட்டினால் அது வரவேற்பு ஆகாது என்றுதான் பர்க்கியும் சொல்கிறார். மதிப்பு, நம்பிக்கை, நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பு, தெரிந்து செய்வது என்று அவர் வைக்கும் அடிப்படைகள் ஆசிரியரை நடத்தும் விதத்துக்கும் பொருந்தும். தலைமையாசிரியர் அறையில் ஆசிரியருக்கு நாற்காலி போடுகிறார்களா என்பதும் ஆய்வுப் பொருள்தான்.

இருபதாம் வளைவு | திங்கள், காலை 6.15

ஏற்காடு மலைமேல் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். எங்கள் ஊரில் ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னால் எந்த வீட்டுப் பிள்ளை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். இதைப் பற்றி அப்புறம் தனியாகவும் சொல்ல வேண்டும்.

எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் (கேரளத்து மலையாளிகள் இல்லை). பலர் இரண்டு மூன்று கிலோமீட்டர் நடந்து வருகிறார்கள். மழைக்காலத்தில் பனிமூட்டம் இறங்கினால் எதிரே வரும் ஆளே தெரியாது. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் அப்பா அம்மா விடிவதற்குள் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். தம்பியை எழுப்பி, குளிப்பாட்டி, அழைத்து வருவது அக்காவின் வேலை. நான் பொறுப்பேற்றபோது 9.20க்குக் கேட்டைப் பூட்டும் வழக்கம் இருந்தது. தாமதமாக வந்தவர்கள் வெளியே கொடிக்கம்பத்தடியில் நிற்க வேண்டும், முதல் பாடவேளை முடியும்வரை. யாரையும் அடிப்பதில்லை. அடிக்கக் கூடாது, மனதளவிலும் துன்புறுத்தக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவே சொல்கிறது, அது எல்லோருக்கும் தெரியும். நிற்கவைப்பதை மட்டும் யாரும் தண்டனை என்றே நினைக்கவில்லை. நானும் ஒரு வருடம் நினைக்கவில்லை.

ஒரு நாள் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டுக்கு வெளியே வந்து, பூட்டியிருப்பதைப் பார்த்து, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடந்தான். பனியில் அவன் முதுகு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அதை இன்னும் மறக்க முடியவில்லை.

அடுத்த ஜூனில் பூட்டை எடுத்துவிட்டேன். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்ச், ஒரு நோட்டு. தாமதமாக வருபவர் தன் பெயரையும் நேரத்தையும் தானே எழுதிவிட்டு நேராக வகுப்புக்குப் போகலாம். காரணம் எழுத விரும்பினால் எழுதலாம். அந்த நோட்டு இரண்டரை வருடமாக ஓடுகிறது. பிள்ளைகள் எழுதிய காரணங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன: "காட்டெருமை நின்னுது", "பாட்டிக்கு சுரம்", "தம்பி அழுதான்". தாமதமாக வருபவர்கள் குறைந்தார்கள், விடுப்பும் குறைந்தது. இது என் கண்ணுக்குத் தெரிகிறது.

இந்த நோட்டு ஆய்வு ஆகுமா? எனக்குப் புள்ளியியல் தெரியாது. ஆங்கிலத்தில் கட்டுரை எழுதவும் வராது. ஆகும் என்றால் எழுதுகிறேன்.

ஆய்வு மாணவி | திங்கள், பிற்பகல் 1.40

அம்மா, படித்துவிட்டு மதிய உணவு இடைவேளை முழுதும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் கல்வியியலில் முனைவர் பட்ட மாணவி. அந்த நோட்டு எங்கள் துறையில் பலரும் கேட்டு வாங்கும் வகைத் தரவு. கேள்வித்தாள் கொடுத்து ஒரே நாளில் வாங்கிய பதில் அல்ல. பிள்ளைகள் தங்கள் கையால், அன்றன்று எழுதியது. நிச்சயமாக ஆகும்.

ஒரே ஒரு கேள்வி. சந்தேகப்பட்டுக் கேட்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கட்டுரை வலுவாக நிற்க வேண்டும் என்றுதான். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது. உங்கள் பள்ளிக்கு அது எப்போது வந்தது? காலையில் சூடாக உப்புமாவோ பொங்கலோ கிடைக்கிறது என்றால் பிள்ளைகள் நேரத்துக்கு வருவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம் இல்லையா? பூட்டு போனதாலா, உணவு வந்ததாலா? இரண்டும் வரவேற்புதான். ஆனால் எது என்ன செய்தது என்று பிரித்துச் சொல்ல முடிந்தால் அது எல்லோருக்கும் பயன்படும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் முதல் கட்டுரையை ஓர் இதழுக்கு அனுப்பி எட்டு மாதம் காத்திருந்தேன். "தரம் இல்லை" என்று ஒரே வரி வந்தது. எங்கே தரம் இல்லை என்று இன்றுவரை தெரியாது. அதன்பிறகு ஒரு வருடம் எதுவும் எழுதவில்லை. வரவேற்பைப் பற்றி இதழ் நடத்துகிறவர்கள் அப்படி ஒரு கடிதம் அனுப்பிவிடக் கூடாது.

இருபதாம் வளைவு | திங்கள், இரவு 8.50

கேள்வி சுருக்கென்று தைத்தது, ஆனால் நியாயமான கேள்வி. காலை உணவு எங்கள் பள்ளிக்கு வந்ததும் பூட்டு போன அதே பருவத்தில்தான். நான் அதை யோசிக்கவே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்ததால் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

ஆனால் காலை உணவு ஒன்று முதல் ஐந்து வரைக்குத்தான். எங்களிடம் ஆறு, ஏழு, எட்டும் இருக்கிறதே. அவர்களுக்குப் பூட்டு போனது, உணவு வரவில்லை. நோட்டில் வகுப்பும் எழுதியிருக்கிறார்கள். பிரித்துப் பார்க்கிறேன். இரண்டு நாள் கொடுங்கள்.

ஆய்வு மாணவி | திங்கள், இரவு 8.58

அம்மா!! இதைத்தான் ஒப்பீட்டுக் குழு என்று நாங்கள் புத்தகத்தில் படிக்கிறோம். உங்களுக்கு அது பள்ளியிலேயே இருக்கிறது.

நூலகர் சேலம் | செவ்வாய், காலை 11.20

நடைமுறையைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் சொல்கிறேன். பலரும் ஆய்விதழ் என்றதும் பெரிய செலவு, டெல்லிக்கு அலைச்சல் என்று பயப்படுகிறார்கள். அவ்வளவு இல்லை.

ஐ.எஸ்.எஸ்.என். எண்ணை டெல்லியில் உள்ள தேசிய மையம் கட்டணமில்லாமல் தருகிறது. அச்சுக்கு ஓர் எண், இணையத்துக்கு ஓர் எண். ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அந்த எண் இதழை அடையாளம் காட்டுவதற்கு மட்டும்தான், தரச் சான்றிதழ் அல்ல. "ஐ.எஸ்.எஸ்.என். பெற்ற இதழ்" என்று அட்டையில் பெரிதாகப் போட்டு ஏமாற்றுவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

பத்திரிகைப் பதிவு வேண்டுமா என்று கேட்பார்கள். 1867ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2023இல் இயற்றிய புதிய சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் அறிவியல், தொழில்நுட்ப, கல்விசார் ஆய்விதழ்கள் பருவ இதழ் என்ற வரையறைக்குள் வருவதில்லை. ஆனால் நாம் நடுவில் செய்தியும் செய்தி விமர்சனமும் போட ஆரம்பித்தால் கதை மாறும். ஆய்விதழாகவே இருக்கட்டும்.

இணையத்தில் கட்டுரை வாங்குவது, மதிப்பீட்டாளருக்கு அனுப்புவது, வெளியிடுவது எல்லாவற்றுக்கும் ஓபன் ஜர்னல் சிஸ்டம்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. உலகம் முழுக்கச் சிறிய இதழ்கள் அதில்தான் ஓடுகின்றன. நமக்குச் செலவு என்றால் இணைய இடமும் பெயரும்தான். திறந்த அணுக்க இதழ்களுக்கான, அதாவது யாரும் காசில்லாமல் படிக்கக்கூடிய இதழ்களுக்கான, உலகப் பட்டியல் ஒன்று 2003 முதல் இருக்கிறது. அதில் சேர ஆண்டுக்கு ஐந்து ஆய்வுக் கட்டுரைகளாவது வெளியிட வேண்டும். தொடங்கி ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும், அல்லது பத்துக் கட்டுரைகள் வந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு இதழ், இதழுக்கு மூன்று நல்ல கட்டுரை என்றாலே போதும். பத்துப் பன்னிரண்டு என்று ஆசைப்பட்டுத் தரத்தைக் கைவிட வேண்டாம்.

'எட்டு ஆ பிரிவு' சொன்ன கசப்பு எனக்கும் தெரியும். பல்கலைக்கழக மானியக் குழு வைத்திருந்த அங்கீகாரப் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டார்கள். இனி ஓர் இதழ் நல்லதா கெட்டதா என்பதை நிறுவனங்களே எடைபோட வேண்டும். அதனால் நம் நடத்தை மட்டும்தான் நமக்குச் சான்று. யார் ஆசிரியர் குழு, கட்டுரை எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் ஏற்றோம், யார் பணம் தருகிறார்கள் என்று எல்லாவற்றையும் வெளிப்படையாகப் போட வேண்டும். குழுவில் இருப்பவர்களின் கட்டுரை கால்வாசிக்கு மேல் போகக் கூடாது என்று இப்போதே எழுதிவைத்துவிடலாம். முதல் இதழில்தான் அந்த ஆசை வரும்.

அச்சுக்கூடம் | செவ்வாய், பிற்பகல் 3.05

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் அச்சகம் வைத்திருக்கிறேன். இரண்டு விஷயம்.

கட்டுரைகள் யூனிகோடில் மட்டும்தான் வாங்க வேண்டும். பாமினியிலும் வேறு பழைய எழுத்துருக்களிலும் அடித்துக்கொண்டு வந்து கொடுப்பார்கள். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், "கொ" பிரிந்து நிற்கும். மேற்கோளில் அப்படி ஒரு பிழை வந்தால் இதழின் மானம் போய்விடும். இணையத்தில் தேடினாலும் அகப்படாது. தமிழக அரசே 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. இன்னும் பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

அச்சு வேண்டாம், இணையம் போதும் என்பார்கள். நான் அச்சகக்காரன் என்பதால் சொல்லவில்லை: மலையில் பல ஊரில் சிக்னல் கிடையாது. டெம்மி அளவில் நான்கு ஃபாரம், அறுபத்து நான்கு பக்கம், சென்டர் பின் அடித்து நூறு பிரதி போடலாம். காகிதச் செலவை மட்டும் கொடுங்கள். கூலி வேண்டாம். என் மகள் அந்த மலைப் பள்ளி ஒன்றில்தான் டீச்சராக இருக்கிறாள்.

அம்மாபேட்டை அப்பா | செவ்வாய், இரவு 10.15

நான் தறிக்காரனுங்க. படிச்சது ஏழாவது. இங்க எல்லாம் படிச்சவங்க பேசறீங்க, நடுவுல நான் சொல்லலாமான்னு தெரியல. ஆனா விஷயம் எங்க பிள்ளைங்களப் பத்தினதுங்களே.

என் மகன் முன்னே படிச்ச பள்ளிக்கூடத்துல பெத்தவங்க கூட்டம்னு சொன்னாங்க. பாவு பிணைச்சிட்டு இருந்தேன், அப்படியே லுங்கியோட ஓடினேன். வாசல்ல ஒருத்தர் "இப்படியா வருவாங்க, போய் மாத்திட்டு வாங்க"ன்னுட்டார். திரும்பிட்டேன். அதுக்கப்புறம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் போகவே இல்ல. பையனும் அப்பா வரமாட்டார்னு பழகிட்டான். இப்ப இருக்கிற பள்ளிக்கூடத்துல முதல் நாளே ஒரு டீச்சர், "வாங்கண்ணா, உட்காருங்க, தறி எப்படிப் போகுது"ன்னு கேட்டாங்க. அந்த ஒரு நாற்காலிக்காக எந்தக் கூட்டத்தையும் நான் தவறவிடறதில்ல.

இதழுக்குப் பேரு கேட்டீங்க. "வாங்க"ன்னே வெச்சிருங்களேன்.

அப்புறம் மலைமேல இருக்கிற அந்த டீச்சருக்கு ஒரு வார்த்தை. பெரிய வகுப்புப் பிள்ளைங்களுக்குக் காலைச் சாப்பாடு இல்ல, அதனால அவங்கள வெச்சுப் பார்க்கலாம்னு சொன்னீங்க. ஆனா அக்காதானுங்க தம்பியக் கூட்டிட்டு வர்றா? தம்பிக்குச் சாப்பாடு இருக்குன்னா அவன் சீக்கிரம் கெளம்புவான், அக்காவும் கூடவே சீக்கிரம் வந்துருவா. அப்ப அதுவும் சாப்பாட்டுக் கணக்குலதானே வரும்?

ஆய்வு மாணவி | செவ்வாய், இரவு 10.31

அண்ணா, இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. இதழ் வந்தால் நீங்கள் மதிப்பீட்டாளராக இருக்க வேண்டும். மனதாரச் சொல்கிறேன்.

எட்டு ஆ பிரிவு | புதன், காலை 7.05

நானும் அதையே சொல்ல வந்தேன். ஒவ்வொரு கட்டுரைக்கும் இரண்டு ஆய்வாளர், ஒரு வகுப்பறை ஆசிரியர், ஒரு பெற்றோர் என்று நான்கு பேர் படிக்கட்டும். பெற்றோருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்றால் படித்துக் காட்டுவோம்.

பெயரைப் பற்றி: யாரோ தனிச்செய்தியில் "திண்ணை" என்று எனக்கு எழுதினார்கள். வேண்டாம். திண்ணைப் பள்ளிக்கூடம் என்றால் நமக்கு ஏக்கம் வருகிறது. அந்தத் திண்ணையில் எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவிடவில்லை. "வாங்க" எனக்குப் பிடித்திருக்கிறது.

மூக்கனேரி | புதன், இரவு 9.45

மூன்று நாளில் நான் ஒரு வருடம் யோசித்ததைவிட அதிகம் கிடைத்துவிட்டது. இதுவரை தெளிவானதைச் சொல்கிறேன்.

முதலில் சொல். இதுவரை என் குறிப்புகளில் 'அழைப்புக் கல்வி' என்று எழுதிவந்தேன், ஆங்கிலச் சொல்லுக்கு நேர் அதுதான். அம்மாபேட்டை அப்பாவின் லுங்கிக் கதையைப் படித்ததும் மாற்றிக்கொண்டேன். நம் ஊரில் கல்யாணத்துக்கு வீடு தேடிப் போய்ப் பத்திரிகை வைத்து அழைக்கிறோம், அது ஒன்று. மண்டபத்து வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, "வாங்க, முதல்ல சாப்பிடுங்க" என்பது வேறொன்று. அழைத்துவிட்டு வாசலில் முகம் திருப்பினால் அழைக்காமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிடும். 2010 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் எல்லாப் பிள்ளைகளையும் அழைத்தது. அந்தப் பெற்றோர் கூட்டத்துக்கும் அப்பாவை அழைத்துத்தான் இருந்தார்கள். வாசலில் நடந்ததைத்தான் நாம் ஆராயப் போகிறோம். ஆகவே 'வரவேற்புக் கல்வி'. இதழின் பெயர் "வாங்க" என்றால் எனக்கு முழுச் சம்மதம். அதே பெயரில் வேறு இதழ் இருக்கிறதா என்று நூலகர் பார்த்துச் சொல்லட்டும்.

மதிப்பீடு. கட்டுரை வந்த ஒரு வாரத்துக்குள் "கிடைத்தது, இன்னார் படிக்கிறார்" என்று கடிதம் போக வேண்டும். ஆறு வாரத்துக்குள் பதில். மதிப்பீட்டாளர் முதல் பத்தியில் இந்தக் கட்டுரையிலிருந்து தான் என்ன தெரிந்துகொண்டார் என்று எழுத வேண்டும், அதன்பிறகுதான் கேள்விகள். திருப்பி அனுப்புவதாக இருந்தாலும் இதே முறைதான். அன்பாகப் பேசுவது வேறு, அரைகுறையை அச்சில் ஏற்றுவது வேறு. இந்த இழையில் அந்தத் தங்கை கேட்ட கேள்வி கட்டுரையின் அடித்தளத்தையே அசைத்தது. ஆனாலும் அம்மா நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்களே, அந்த மாதிரிக் கேள்வி வேண்டும். முதல்முறை எழுதுகிறவர்களுக்கு அனுபவமுள்ள ஒருவர் துணை இருப்பார். துணை இருந்தவர் அதே கட்டுரையை மதிப்பிடக் கூடாது.

பிள்ளைகளின் அடையாளம். 'இருபதாம் வளைவு' முதல் வரியிலேயே சொன்னதை நான் லேசாகக் கடந்து போயிருப்பேன். அம்மா, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கள்.

இருபதாம் வளைவு | வியாழன், இரவு 7.30

மலைக்குச் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் எங்கள் பிள்ளைகளைக் கேட்காமலே படம் எடுக்கிறார்கள். ஆராய்ச்சி என்று சொல்லி வந்தவர்களும் அப்படிச் செய்தது உண்டு. கேள்வி கேட்டு, எழுதிக்கொண்டு, போய்விட்டார்கள். என்ன எழுதினார்கள் என்று ஊருக்கு யாரும் வந்து சொன்னதில்லை. நம் இதழ் அப்படி இருக்கக் கூடாது. பெயரை மாற்றிப் போட்டால் போதாது. எட்டாம் வகுப்பில் நான்கு பேர்தான் என்றால் "எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி" என்பதே பெயர்தான். சம்மதப் படிவத்தில் கையெழுத்து மட்டும் வாங்காமல், ஊர்க் கூட்டத்தில் தமிழில் வாய்விட்டுப் படித்துச் சொல்ல வேண்டும். கட்டுரை வந்தபின் அந்த ஊருக்கே போய்ப் படித்துக் காட்ட வேண்டும். வேண்டாம் என்று ஒரு வீடு சொன்னால் அந்த வரியை எடுத்துவிட வேண்டும். இதை விதியாகவே எழுதுங்கள்.

இனி நோட்டு. இரண்டு இரவு உட்கார்ந்து பிரித்தேன். ஒன்று முதல் ஐந்து வரை தாமதம் நன்றாகவே குறைந்திருக்கிறது. ஆறு முதல் எட்டிலும் குறைந்திருக்கிறது, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. அதாவது நான் பூட்டை எடுத்ததால்தான் எல்லாம் நடந்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தது முழு உண்மை இல்லை. உணவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இதை எழுதும்போது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுதிவிட்டேன்.

அம்மாபேட்டை அண்ணா கேட்டது சரியான கேள்வி. பெரிய வகுப்பில் தம்பி தங்கை எங்கள் பள்ளியிலேயே படிக்காத பிள்ளைகள் யார் யார் என்று பார்த்தேன். பதினோரு பேர். அவர்களில் சிலர் முன்பும் தாமதம், இப்போதும் தாமதம். ஒரு வித்தியாசம் மட்டும் தெரிகிறது. முன்பெல்லாம் தாமதமானால் அன்று வரவே மாட்டார்கள். பதிவேட்டில் விடுப்பு என்று இருக்கும். இப்போது 9.50, 10.05 என்று நேரம் போட்டு உள்ளே வந்திருக்கிறார்கள். பூட்டு போனதால் பிள்ளைகள் சீக்கிரம் வரவில்லை, தாமதமானாலும் வந்தார்கள். இது சரியான முடிவா, பதினோரு பேரை வைத்து இப்படிச் சொல்லலாமா என்று தெரியவில்லை.

ஆய்வு மாணவி | வியாழன், இரவு 7.52

பதினோரு பேரை வைத்து "எல்லாப் பள்ளியிலும் இப்படித்தான்" என்று சொல்ல முடியாது. "எங்கள் பள்ளியில் இது நடந்தது, இப்படிப் பார்த்தேன், மற்ற பள்ளிகளிலும் பாருங்கள்" என்று தாராளமாகச் சொல்லலாம். இதிலிருந்து நான் தெரிந்துகொண்டது: தாமதத்தையும் விடுப்பையும் தனித்தனியாக அளந்தால் உண்மை தப்பிவிடும். என் ஆய்வேட்டிலேயே அந்தத் தவறு இருக்கிறது. திருத்தப் போகிறேன்.

கேள்வி ஒன்று: அந்தப் பதினோரு பேரிடமே கேட்டுப் பார்த்தீர்களா?

இருபதாம் வளைவு | வியாழன், இரவு 8.10

இல்லை. திங்கட்கிழமை கேட்கிறேன். அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து, ஒவ்வொருவராக, வீட்டில் சம்மதம் வாங்கிய பிறகு.

முன்பு பூட்டைப் பார்த்துத் திரும்பிப் போன நான்காம் வகுப்புப் பையன் இப்போது ஏழாவது. அவனுக்குத் தம்பி தங்கை கிடையாது. பதினோரு பேரில் அவனும் ஒருவன்.

நூலகர் சேலம் | வெள்ளி, காலை 10.00

பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறேன், திங்களுக்குள் சொல்கிறேன். ஆசிரியர் குழுக் கூட்டத்துக்கு இரண்டாம் சனிக்கிழமை, காலை 10.30 மணி சரியா? தறிக்கார அண்ணாவுக்கும் மலையிலிருந்து வருபவர்களுக்கும் வசதியான நேரம் எது என்று அவர்களே சொல்லட்டும், அதன்படி மாற்றிக்கொள்வோம்.

அம்மாபேட்டை அப்பா | வெள்ளி, இரவு 9.20

சனிக்கிழமை கூலி நாளுங்க, மத்தியானம் மூணு மணிக்கு மேல வர்றேன். லுங்கியோடதான் வருவேன்.

மூக்கனேரி | வெள்ளி, இரவு 9.24

வாங்கண்ணா. மூன்றரை என்று வைத்துக்கொள்வோம். மலையிலிருந்து வருபவர்கள் இருட்டுவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும், அதனால் ஐந்து மணிக்கு முடித்துவிடுவோம்.